கால் மரத்துப்போனால் பயமில்லை. பாதம் தூக்கவில்லையென்றால் உடனே சொல்லுங்கள்

"ஆத்தாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். வலி தெரியாமலிருக்கத் தொடையில் நரம்பு ஊசி போடுவார்களாம். அதில் கால் விளங்காமல் போய்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். ரத்தம் உறையாத மாத்திரையை இப்போதே நிறுத்திவிட்டோம்." – ஒரு வாசகி, காரைக்குடி.

முதலில் அந்த வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள். இந்த ஊசியால் கால் நிரந்தரமாக விளங்காமல் போவது மிக மிக அரிது. மருந்து நரம்பை அறுப்பதில்லை. வலி மூளைக்குப் போகாமல் கொஞ்ச நேரம் தடுக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் தெளிந்துவிடும். சிலருக்குச் சில வாரம் லேசான மதமதப்பு இருந்து, தானாகச் சரியாகும். தையலுக்கு வெளிப்பக்கம் தோல் மரத்திருப்பது கத்தி பட்டதால் வருவது, அதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது பாதத்தை. முன்தொடையில் போடும் ஊசி, பாதத்தைத் தூக்கும் நரம்பைத் தொடுவதில்லை. ஆபரேஷனுக்காக முதுகில் போடும் மரப்பு ஊசியும் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஆகவே ஆபரேஷன் அன்று மாலை, "ஆத்தா, பெருவிரலை மூக்குப் பக்கமாக மடக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாதம் தொங்கினால் "ஊசி இன்னும் தெளியலை போல" என்று விடியும்வரை காத்திருக்காமல் உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அந்த நரம்பு முட்டிக்குக் கீழே, வெளிப்பக்க எலும்பைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ஆபரேஷனில் இழுபட்டிருக்கலாம், கட்டு இறுகி அழுத்தலாம். கட்டைத் தளர்த்தி முட்டியைச் சற்று மடக்கி வைப்பதுதான் முதல் வைத்தியம். அதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. முழங்காலுக்குப் பின்பக்கமும் ஊசி போட்டிருந்தால் பாதம் தாமதமாக அசையலாம். அதைச் சொல்ல வேண்டியவர் மயக்க டாக்டர், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று. உயர நிலைப்படியையும் வளவுப் படியையும் ஆயுசு முழுக்கத் தாண்டிப் பழகியவர் உங்கள் ஆத்தா. நடுராத்திரி யாரையும் எழுப்பாமல் பாத்ரூம் போகத்தான் பார்ப்பார். வலி இல்லாததால் கால் சரியாகிவிட்டது என்று தோன்றும். ஊன்றியதும் முட்டி மடங்கிவிடும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே படுங்கள். மரத்த காலில் சூடான ஒத்தடம் கூடவே கூடாது, கொப்புளம் கிளம்பினாலும் அவருக்குத் தெரியாது.

ஊசி தெளிகையில் வலி சட்டென்று ஏறும். அதனால் வலி வரட்டும் என்றிருக்காமல், எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள். சர்க்கரையால் உள்ளங்கால் எரிச்சல் ஏற்கெனவே இருந்தால் மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ரத்தம் உறையாத மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? இதயத்துக்காகக் கொடுத்ததாக இருந்தால் நிறுத்துவதே ஆபத்து. எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும். அட்டையை எடுத்துக்கொண்டு இன்றைக்கே அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போங்கள்.