என் மெஷின்ல ஓடுது, சர்வர்ல ஓடலையே: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்க நாலு பேர் கோட் எழுதுறோம், முடிச்சதும் சிஸ்டம் அட்மின் கிட்ட குடுத்துடுவோம், அவர் சர்வர்ல ஏத்துவார். பாதி தடவை எங்க மெஷின்ல ஓடுறது அங்க ஓட மாட்டேங்குது, அப்புறம் யார் தப்புனு ரெண்டு நாள் பேச்சு. டெவ்ஆப்ஸ் டூல்ஸ் (டெவலப்பரும் அட்மினும் சேந்து வேலை செய்ய உதவுறது) கத்துக்கோங்கனு எல்லாரும் சொல்றாங்க, பப்பெட், ஷெஃப், ஆன்சிபிள், டாக்கர், குபர்னெட்டிஸ்னு லிஸ்ட்டைப் பாத்தாலே மலைப்பா இருக்கு. எதுல ஆரம்பிக்கிறது சார்?

பதில்: டூலை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க சர்வர் இன்னைக்கே படுத்துருச்சுனா அதே மாதிரி இன்னொண்ணை எழுப்ப என்னென்ன செய்யணும்னு எங்கயாவது எழுதியிருக்கா? அட்மினோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்குனா உங்க சண்டைக்கு காரணமே அதுதான், அவரும் இல்ல நீங்களும் இல்ல.

இது நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. முன்னாடி வேலை பாத்த இடத்துல ஒரு நாள் நைட்டு 2 மணிக்கு 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'னு எரர் வந்து அப்ளிகேஷன் விழுந்துருச்சு. லினக்ஸ்ல ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்துல திறந்து வெச்சிருக்கக்கூடிய ஃபைல் வழக்கமா 1024 தான், நான் சர்வருக்குள்ள போய் கையாலயே அதை 65535 ஆக்கிட்டு தூங்கப் போயிட்டேன். சில மாசம் கழிச்சு அந்த மெஷினை எடுத்துட்டு புதுசு போட்டாங்க, நான் மாத்துன அந்த ஒரே ஒரு வரி எங்கயும் எழுதி வைக்கல, ட்ராஃபிக் ஏறுன அன்னைக்கு மறுபடி அதே எரர். பாவம், டெவலப்பர்ஸ் அவங்க கோட்லதான் பக்னு ஒரு நாள் பூரா தேடினாங்க. இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு.

அதனால ஆன்சிபிள்ல ஆரம்பிங்கனு சொல்வேன், சர்வர் எப்படி இருக்கணும்னு எழுதிக் குடுத்தா அப்படியே ஆக்கி வைக்கிற டூல் அது. 2012ல மைக்கேல் டிஹான் ஆரம்பிச்சது, சர்வர்ல தனியா ஏஜென்ட்னு (பின்னாடி எப்பவும் ஓடுற ப்ரோகிராம்) எதையும் போட வேண்டாம், தூரத்துலருந்து சர்வருக்குள்ள பாதுகாப்பா போற எஸ்எஸ்ஹெச் கனெக்‌ஷனும் அந்தப் பக்கம் பைதானும் இருந்தா போதும். என்ன பேக்கேஜ் இருக்கணும், எந்த கான்ஃபிக் எங்க இருக்கணும், ஃபைல் லிமிட் எவ்ளோனு யாமல்ங்கிற டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி (இதைத்தான் ப்ளேபுக்னு சொல்வாங்க), உங்க கோடும் அதோட மாத்தங்களும் இருக்கிற அதே கிட் ரெப்போல வைங்க. அதே ரெப்போங்கிறதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா அப்பதான் நீங்க புதுசா ஒரு லைப்ரரி சேத்தா அதுக்கு சர்வர்ல வேண்டிய மாத்தமும் அதே கமிட்ல போகும், அட்மின் அதைப் படிச்சுப் பாத்து 'இது வேண்டாம்'னு முன்னாடியே சொல்லலாம். பாஸ்வேர்டை மட்டும் அப்படியே போட்டுறாதீங்க, அதைப் பூட்டி (என்க்ரிப்ட் பண்ணி) வைக்க ஆன்சிபிள் வால்ட் இருக்கு.

பப்பெட் 2005ல வந்தது, ஷெஃப் 2009ல, ரெண்டுமே இதே வேலைக்கான நல்ல டூல்தான், ஆனா வழக்கமா ஒவ்வொரு சர்வர்லயும் ஏஜென்ட் ஓடணும், நாலு பேர் டீமுக்கு அந்த வேலை வேண்டாம். அடுத்தது டாக்கர். லைப்ரரி வெர்ஷன் மாறிப்போய் வர்ற தகராறு அதுல பெரும்பாலும் போயிடும், அப்ளிகேஷனும் அதுக்கு வேண்டியதும் ஒரே பொட்டலமா, அதாவது இமேஜா போகுது இல்லையா. கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) மட்டும் அந்த சர்வரோடதுதான், அதை மறந்துடாதீங்க. அந்த மாதிரி அப்ளிகேஷன்களை நிறைய சர்வர்ல ஓட்டி நிர்வகிக்கிற குபர்னெட்டிஸ் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நான் அட்மின். 15 வருஷமா ஷெல் ஸ்கிரிப்ட்லயே எல்லாத்தையும் பண்றேன், நல்லாத்தான் ஓடுது. ஆன்சிபிள்ல அப்படி என்ன புதுசா இருக்கு?

பதில்: ஐடியா ஒண்ணும் புதுசில்ல சார், மார்க் பர்ஜஸ் 1993லயே சிஎஃப்எஞ்சின்னு இதே மாதிரி ஒரு டூல் கொண்டு வந்துட்டார். வித்தியாசம் எங்கனா, கான்ஃபிக் ஃபைல் கடைசில ஒரு வரி சேக்குற ஸ்கிரிப்ட்டை ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க, அந்த வரி ரெண்டு தடவை இருக்கும். அதே வேலையை ஆன்சிபிள்ல லைன்இன்ஃபைல் மாட்யூல்ல குடுத்தா முதல் தடவை மஞ்சள்ல 'சேஞ்ச்ட்'னு வரும், ரெண்டாவது தடவை பச்சைல 'ஓகே'னு வரும், ஃபைலைத் தொடவே தொடாது. இதைச் செய்னு சொல்லாம இப்படி இருக்கணும்னு சொல்றோம், ஏற்கெனவே அப்படித்தான் இருக்குனா அது சும்மா இருந்துடும். பாதில நின்னுபோச்சுனா பயப்படாம திரும்ப ஓட்டலாம், அந்த நிம்மதி பெருசு. செக் மோட்ல ஓட்டுனா என்ன மாறப்போகுதுனு மட்டும் காட்டும், நான் அதைப் பாக்காம ப்ரொடக்‌ஷன் பக்கமே போறதில்ல.

கையால காப்பி பண்றதுல என்ன ஆபத்துனா, 2012 ஆகஸ்ட் 1 அன்னைக்கு 'நைட் கேபிடல்' (Knight Capital)னு ஒரு அமெரிக்க பங்கு வர்த்தக கம்பெனில நடந்ததுதான் எல்லாரும் சொல்ற உதாரணம். 8 சர்வர்ல புது கோட் போடணும், 7ல போட்டாங்க, ஒண்ணு விட்டுப்போச்சு, அதுல கிடந்த பழைய கோட் முழிச்சுக்கிட்டு ஆர்டரா போட்டுத் தள்ளி சுமார் 45 நிமிஷத்துல 44 கோடி டாலருக்கு மேல நஷ்டம். உங்க ஸ்கிரிப்ட்டுகளைத் தூக்கிப் போடச் சொல்லல, அந்த 15 வருஷ அனுபவம்தான் ப்ளேபுக்ல எழுத வேண்டிய விஷயமே.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ்னு நம்பி இறங்குறோம், நாளைக்கு லைசென்ஸை மாத்திட்டா?

பதில்: மாத்தத்தான் செய்றாங்க. கிளவுட்ல சர்வர் மாதிரி வசதிகளை கோட் எழுதியே உருவாக்குற டெராஃபார்ம் 2014லருந்து ஓப்பன் சோர்ஸ், 2023 ஆகஸ்ட்ல அதோட கம்பெனி ஹாஷிகார்ப் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ்னு கட்டுப்பாடு உள்ள ஒண்ணுக்கு மாத்திருச்சு. ஆனா பழைய லைசென்ஸ்ல வந்த கோடை யாரும் திருப்பி வாங்க முடியாது, அதை எடுத்துத்தான் லினக்ஸ் ஃபவுண்டேஷன்ல ஓப்பன்டோஃபுங்கிற தனி டூல் வந்துச்சு. கோடை தானா பில்டு, டெஸ்ட் பண்ற ஹட்சன்ங்கிற டூல்லருந்து 2011ல பேர் தகராறுல பிரிஞ்சு வந்ததுதான் இன்னைக்கு நிறைய பேர் ஓட்டுற ஜென்கின்ஸ். ஒரே கம்பெனி கையில இருக்கா, ஃபவுண்டேஷன் கையில இருக்கானு பாத்துட்டு இறங்குங்க.

கேள்வி: நான் டெவலப்பர். ப்ரொடக்‌ஷன் சர்வருக்கு ஆக்சஸ் கேட்டா அட்மின் தரவே மாட்டேங்குறார், தப்பு எங்கனு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: அவர் தராததுல தப்பில்ல, ஆனா உங்களைக் கண்ணைக் கட்டி விடுறதும் நியாயமில்ல. அப்ளிகேஷன் எப்படி ஓடுதுனு கண்காணிக்கிற ப்ரொமீதியஸ் போடச் சொல்லிக் கேளுங்க, 2012ல சவுண்ட்கிளவுட் கம்பெனில ஆரம்பிச்சு இப்ப சிஎன்சிஎஃப்ங்கிற ஃபவுண்டேஷன் கையில இருக்கிற ப்ராஜெக்ட். உங்க அப்ளிகேஷன்லயே ஒரு மெட்ரிக்ஸ் பக்கம் திறந்து, எத்தனை ரிக்வெஸ்ட் வந்துச்சு, எத்தனை ஃபெயில் ஆச்சுனு நீங்க எழுதி வைக்கணும், ப்ரொமீதியஸ் சொன்ன நேரத்துக்கு ஒரு தடவை வந்து படிச்சுட்டுப் போகும், அதைப் படமாக் காட்டுற கிராஃபானால ரெண்டு பேரும் ஒரே கிராஃபைப் பாக்கலாம். எதை எண்ணணும்னு உங்களுக்குத் தெரியும், எந்த அளவைத் தாண்டுனா நைட்டுல எழுப்பணும்னு அவருக்குத் தெரியும், அதனால அலர்ட் ரூல்ஸை மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து எழுதுங்க, முதல் வாரத்துக்கு ரெண்டு மூணு அலர்ட் போதும்.