கிளிப் கழற்றிய பிறகு கோரைப்பல் மட்டும் மறுபடி திரும்புது

அந்தப் பல்லை இழுக்கிறது பெரும்பாலும் ஈறு நார்கள்தான். கழற்றி மூணு மாசம்தான் ஆச்சு, ரிட்டெய்னர் (பல் நகராம பிடிச்சு வைக்கும் பிளாஸ்டிக் உறை) ராத்திரி மட்டும்னு எழுதியிருக்கீங்க, சீக்கிரமே குறைச்சிட்டீங்க.

வேரைச் சுற்றியுள்ள நார்கள் 3-4 மாசத்தில் புது இடத்துக்குப் பழகிடும். ஈறின் கொலாஜன் நார்களுக்கு 4-6 மாசம். எலும்பு விளிம்புக்கு மேலே பல்லின் கழுத்தைப் பிடிச்சிருக்கும், ரப்பர் மாதிரி இழுபடும் மீள்நார்கள்தான் பிடிவாதக்காரங்க, ஒரு வருஷத்துக்கு மேலேகூட எடுக்கும். திருகியிருந்த பல்லைத் திருப்பினப்போ அவை முறுக்கேறின கயிறு மாதிரி நிற்கும். பிடி விட்டா பிரியப் பார்க்கும்.

1. ரிட்டெய்னரை இப்பவே போட்டுப் பாருங்க. அந்தப் பல்லில் மட்டும் லேசா இறுக்கமா இருந்து, முழுசா உட்கார்ந்தா, சாப்பாட்டு நேரம் தவிர நாள் முழுக்கப் போடலாமான்னு டாக்டரிடம் கேளுங்க.
2. பல் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் சந்து தெரிஞ்சா கடிச்சு அமுக்காதீங்க. அச்சு எடுத்துப் புதுசு செய்யணும்.

ஈறில் ரத்தம் வந்தாலோ பல் ஆடினாலோ மேலே சொன்னது பொருந்தாது. முதல்ல ஈறு நோய் இருக்கான்னு பார்க்கணும்.

மரத்துப்போக ஊசி போட்டு, பல் கழுத்தைப் பிடிச்சிருக்கும் அந்த நார்களை வெட்டிவிடும் சின்ன சிகிச்சையும் உண்டு. ஆனா பல்லை நேராக்கின பிறகுதான் அது.