கூரை சோலார் மானியம்: பணம் யார் கணக்கில் வரும், எப்போது வரும்?

கேள்வி (புளியரை): 3 கிலோவாட் சோலார் போட, மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் வந்து கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மானியம் 78,000 ரூபாயை அவரே கழித்துக்கொள்வாராம், மீதியை மட்டும் கொடுத்தால் போதுமாம். செங்கோட்டையில் கேட்ட விலையைவிடக் குறைவாகவும் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதுவும் பேனல் மாட்டி, நெட் மீட்டர் (வாங்கும் கரண்டையும் திருப்பி அனுப்பும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து, மின்வாரியம் பார்த்துச் சரி சொன்ன பிறகு, கடைசியாக வரும். வேலை தொடங்கும் முன்பே கழித்துக்கொள்கிறேன் என்பவர், வராமல் போகக்கூடிய பணத்தைக் காட்டி விலை பேசுகிறார். மானியம் நின்றுபோனால் மீதியை உங்களிடம்தான் கேட்பார்.

கணக்கு இதுதான்: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் 78,000தான்.

விலை குறைவாக இருந்தால் முதலில் பேனலைச் சந்தேகப்படுங்கள். மானியத்துக்கு டி.சி.ஆர். பேனல்தான் ஏற்கப்படும். அதாவது பேனல் மட்டுமல்ல, உள்ளே மின்சாரம் தயாரிக்கும் சோலார் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வெளிநாட்டு செல்லை இங்கே கோத்த பேனல் மலிவு, ஆனால் அதை மாட்டினால் மானியம் கிடையாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் கொட்டேஷனிலேயே ‘டி.சி.ஆர்.’ என்று எழுதி வாங்குங்கள். பேனல் இறங்கிய அன்று பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண்களை, டி.சி.ஆர். சான்றிதழில் உள்ள எண்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். கூரையில் ஏற்றி மாட்டிய பிறகு ஸ்டிக்கரைப் படிக்கக் குனியவே இடமிருக்காது.

வரிசை மாறக் கூடாது. முதலில் திட்டத்தின் இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்து நீங்களே விண்ணப்பியுங்கள். அதன் பிறகு அங்கே தமிழ்நாடு மின்வாரியத்தின் கீழ் காட்டும் பட்டியலில் இவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அத்தோடு நிறுத்திவிடலாம். இருந்தால், 5 வருடப் பராமரிப்பு அவர் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பழுதென்றால் புளியரை வரை யார் வருவார் என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): வீட்டு இணைப்பு மறைந்த அப்பா பெயரில் இருக்கிறது. நான் கேரளத்தில் இருப்பதால் மானியம் மாறுமா?

பதில்: மத்திய அரசின் மானியம் என்பதால் தொகை இரண்டு பக்கமும் ஒன்றுதான். உங்களுக்கு மீட்டர் வைப்பதும் ஒப்புதல் தருவதும் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி., அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். கரண்ட் பில், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால்கூட முன்னதாகவே திருத்திக்கொள்வது நல்லது.

கேள்வி (பண்பொழி): ஆடிக் காற்றில் பேனல் நிற்குமா? மாடியில் தட்டோடு பதித்திருக்கிறது. தெற்கே ஒரு தென்னை நிற்கிறது.

பதில்: கணவாய்க் காற்று பேனலின் அடியில் புகுந்து மேலே தூக்கும். பேனலைத் தாங்கும் சட்டத்தை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவு தூக்கும். அதனால் கீழே துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடிக்குத் தூக்கச் சொல்லாதீர்கள். நம் ஊருக்குத் தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதும். சட்டம் துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஹாட் டிப் இரும்பாக இருக்க வேண்டும். வெறும் பெயின்ட் அடித்த இரும்பு சாரலில் துருவேறிவிடும். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

தட்டோட்டின் மேலேயே துளை போட்டு முடுக்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பிடிப்பு தட்டோட்டுக்கு அடியில் உள்ள சுருக்கியில் (சுண்ணாம்புக் கலவையில்) மட்டும் இருக்கும், காற்றில் ஆடி ஆடித் துளை பெரிதாகும், அடுத்த மழைக்கு ஹாலில் ஒழுகும். சட்டத்தின் கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டையும் சுருக்கியையும் வெட்டி எடுத்து, அடியில் உள்ள கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் போட வேண்டும். அதைச் சுற்றிச் சின்னக் கான்கிரீட் பீடம் கட்டி, நீர்க்காப்புப் பூச வேண்டும். முதல் ஆடி முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை முடுக்கச் சொல்லுங்கள்.

தென்னையை டிசம்பர் வெயிலை வைத்துப் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சரிந்திருக்கும். பேனலைவிட 15 அடி உயர்ந்து நிற்கும் மரம், நண்பகலிலேயே வடக்கே பத்தடி நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் ஓலை நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் குறையும். இடம் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள், மரத்தை வெட்டும் யோசனை கடைசியில் வரட்டும்.

கேள்வி (செங்கோட்டை): இரண்டு மாதத்துக்கு 190 யூனிட் ஓடுகிறது. மானியம் தருகிறார்களே, 2 கிலோவாட் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். 100 யூனிட் இலவசம் போக, நீங்கள் காசு கட்டுவது 90 யூனிட்டுக்குத்தான், அதுவும் அடிமட்டக் கட்டணத்தில். 1 கிலோவாட்டே நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. போட்ட பணம் எப்போது திரும்பும்? 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கதை வேறு. அங்கே கீழ் யூனிட்களின் சலுகையும் சேர்ந்து போய்விடுவதால் சோலார் நன்றாகவே கட்டுப்படியாகும்.

உங்களுக்கு ஃபேனை மாற்றுவதே லாபம். பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் புது வகையான பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் இரண்டு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 65 யூனிட் மிச்சம். இலவசத்துக்கு மேல் நிற்பது 25தான். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள், அது வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு கெடும்.

கரண்ட் போகும் நேரத்துக்காகத்தான் சோலாரை நினைத்தீர்கள் என்றால் அதற்கும் இது உதவாது. மானியத்தில் பொதுவாகப் போடும், மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன் கிரிட் இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பேட்டரி வேண்டுமென்றால் அந்தச் செலவு முழுக்க உங்களுடையது.