அடியில் சொதி, மேலே உருளைக்கிழங்கு

மசித்த உருளைக்கிழங்கால் மூடிச் சுட்டெடுக்கும் இங்கிலாந்துப் பதார்த்தத்தை நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அங்கே கிழங்குக்கு அடியில் கொத்துக்கறி இருக்கும். நான் வைப்பது நம் திருநெல்வேலிச் சொதி. பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், காய் எல்லாம் ஒரே கரண்டியில் வந்துவிடும்.

அக்கா, சொதி தண்ணீராக இருக்குமே, கிழங்கு மூழ்கிவிடாதா? (பாளையங்கோட்டை)

மறுவீட்டுப் பந்தியில் ஊற்றும் பதத்தில் வைத்தால் மூழ்கத்தான் செய்யும். இதற்குக் கெட்டியாக வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு 3 மேசைக்கரண்டி பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். ஒரு கேரட், நாலைந்து பீன்ஸைப் பொடியாக நறுக்கி, அரை டம்ளர் இரண்டாம் பாலில் வேகவிடுங்கள். பருப்பைச் சேர்த்துக் கிளறி, கரண்டியிலிருந்து சொத்தென்று விழும்போது கால் டம்ளர் முதல் பாலை ஊற்றி, கொதி வருமுன் இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, இறக்கிய பிறகுதான். பச்சை மிளகாய் வேண்டாம். இஞ்சிச் சாறு கொஞ்சம் போதும். முருங்கைக்காய் இல்லாமல் சொதியா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். வேகவைத்து உள்சதையை மட்டும் வழித்துப் போடுங்கள், நார் பிள்ளையின் தொண்டையில் சிக்கக் கூடாது.

மிக்ஸியில் அரைத்தேன், கிழங்கு பசை மாதிரி ஆகிவிட்டது. (தென்காசி)

மிக்ஸி வேகத்தில் கிழங்கின் மாவுச்சத்து வெளியே வந்து இழுபடும். தோலோடு முழுதாக வேகவைத்தால் தண்ணீர் குடிக்காது. சூடாக இருக்கும்போதே உரித்து, பருப்பு மத்தால் மசித்துவிடுங்கள். 2 நடுத்தரக் கிழங்குக்கு ஒரு தேக்கரண்டி நெய், 2 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பால். கட்டி தட்டுப்பட்டால் கையால் நசுக்குங்கள்.

ஓவன் இல்லையே மதினி? (அம்பாசமுத்திரம்)

இட்லிச் சட்டி இருக்கிறதே. எல்லாம் ஏற்கெனவே வெந்தவைதான், சூடேறி ஒன்று சேர்ந்தால் போதும். சின்னக் கிண்ணத்தில் சொதி, மேலே கிழங்கு, ஆவி நீர் சொட்டாமல் ஒரு தட்டு மூடி 10 நிமிடம். மேலே முறுகல் வேண்டுமென்றால் கிழங்கை அடைபோலத் தட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டு ஒரு பக்கம் சிவக்கவிட்டு, சொதியின் மேல் கவிழ்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

மகளுக்கு 10 மாதம், உப்புப் போடலாமா அக்கா? (வள்ளியூர்)

வேண்டாம் தம்பி. ஒரு வயது முடியும் வரை தனியாக உப்பே தேவையில்லை. அதன் பிறகும், 3 வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பிரிட்டன் நலத்துறை சொல்லும் அளவு. அவளுக்கு எடுத்து வைத்துவிட்டு உங்கள் பங்கில் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

கறி, மீன் சேர்க்கலாமா? (திசையன்விளை)

தாராளமாக. கொத்துக்கறியைக் குக்கரில் மிருதுவாக வேகவைத்துச் சேருங்கள். மீன் என்றால் வேகவைத்து உதிர்த்து, விரலால் தடவி முள் பார்த்த பிறகுதான்.

பேத்திக்குச் சாயங்காலம் மிச்சத்தைக் கொடுக்கலாமா? (சேரன்மகாதேவி)

வெளியே வைத்திருந்தால் வேண்டாம் அம்மா, தேங்காய்ப்பால் நம்மூர் வெயிலில் சீக்கிரம் கெடும். பிள்ளை வாய் வைக்காததைத் தனியே எடுத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை ஆகும். ஆவி பறக்க ஒரு முறை மட்டும் சூடாக்குங்கள். மேலே தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள், கிழங்கு மூடியிருப்பதால் உள்ளே சொதி கொதித்துக்கொண்டிருக்கும். நடுவில் பிளந்து, கிளறி ஆற்றி, நீங்கள் ஒரு வாய் பார்த்த பிறகு கொடுங்கள்.