அந்தியேட்டி வீட்டுக்குப் போன வாழ்த்து

கேள்வி: அன்புள்ள அக்கா, அம்மா வீட்டில் பலகாரம் செய்து விற்கிறா. ஓடர் எடுப்பது, வாட்ஸ்அப்பில் பதில் போடுவது, கணக்கு எல்லாம் நான்தான். வெளிநாட்டில் இருந்தபடி இங்கே உள்ள தங்கள் வீட்டுக்கு ஓடர் தருகிறவர்கள் கனபேர். பலர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். போன வருசம் தம்பி ஒரு ஏஐ உதவியாளரை ஒழுங்குபடுத்தித் தந்தான். வருகிற செய்திக்கு அது பதில் எழுதி வைக்கும், நான் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். நல்லாகத்தான் போனது. போன மாதம் ரொறன்ரோவில் இருந்து ஒருவர், 31ஆம் நாளுக்கு வடையும் மோதகமும் வேண்டும், குடும்பமாகக் கூடுகிறோம் என்று எழுதியிருந்தார். ‘உங்கள் செல்லக் குழந்தைக்கு எங்கள் அன்பான வாழ்த்துகள்’ என்று அது பதிலை முடித்திருந்தது. அடுப்படி வேலைக்கு நடுவில் பார்த்தேன், அனுப்பிவிட்டேன். அது அவருடைய அப்பா செத்து 31ஆம் நாள் செய்கிற அந்தியேட்டி. ஒரு மணித்தியாலம் கழித்து விளங்கி அழித்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். ஒரு சொல்லும் எழுதவில்லை, ஓடரை மட்டும் நிறுத்திவிட்டார். அப்பா ‘இந்த மெசினை விட்டுத் தள்ளு’ என்கிறார். தம்பியோ ‘நீ வாசிக்காமல்தானே அனுப்புகிறாய், இனி அதுவே அனுப்பட்டும்’ என்கிறான். நான் என்ன செய்ய?
— பலகார வீட்டு மகள், கோண்டாவில்

பதில்: அன்புள்ள தங்கச்சிக்கு,

‘பார்த்தேன், அனுப்பிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் கனநேரம் நின்றேன். நீங்கள் பார்த்தது எதை? மெசின் எழுதி வைத்த பதிலை. அதில் எழுத்துப் பிழை இருந்திராது, மரியாதை குறைந்திராது. ஆனால் ரொறன்ரோக்காரர் எழுதியதை அன்றைக்கு நீங்கள் முழுதாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். வாசித்திருந்தால் கோண்டாவிலில் வளர்ந்த பிள்ளைக்கு 31 என்ற எண்ணிலேயே கை நின்றிருக்கும். பிள்ளை பிறந்த வீட்டில் துடக்குக் கழிவதும் 31, செத்த வீட்டில் அந்தியேட்டியும் 31. ‘எந்த 31 அண்ணா?’ என்று கேட்டிருப்பீர்கள்.

மெசின் கேட்கவில்லை. அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் அதன் வேலை. தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே சரளத்தோடு எழுதும். மனிதர் ஐமிச்சத்தோடு எழுதினால் வசனம் எங்கேயோ தடக்கும். இதில் தடக்காது. இரண்டு 31இல் ஒன்றை அது தெரிவு செய்துவிட்டது, நீங்கள் அந்தத் தெரிவுக்குப் பின்னால் போய்விட்டீர்கள்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது ஒழுங்கை. வந்த செய்தியை முதலில் வாசியுங்கள். இதற்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று மனதுக்குள் ஒரு வரி வையுங்கள். அதற்குப் பிறகு வரைவைத் திறவுங்கள். நீங்கள் நினைத்ததும் அது எழுதியதும் வேறு வேறாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் கேட்கும் வரை வரைவு கண்ணில் படாதபடி வைக்க முடியுமா என்று தம்பியிடம் கேளுங்கள்.

என் அம்மம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. காணி விசயமாக அரசாங்கக் கச்சேரியடியில் பெட்டிசம் எழுதுகிற ஐயா ஒருவரிடம் போவா, துணைக்கு நானும் போவேன். அவர் எழுதி முடித்ததும் உரத்து வாசித்துக் காட்டுவார். ஒருநாள் இடையில் அம்மம்மா கையை நீட்டி மறித்தா: ‘மூண்டு இல்லை ஐயா, மூண்டரைப் பரப்பு.’ அவர் வெட்டித் திருத்தி, தொடக்கத்தில் இருந்து திரும்ப வாசித்த பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தா. எழுத்து அவருடையது, கைநாட்டு அம்மம்மாவுடையது. தன் காணி எவ்வளவு என்று அவவுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் மறிக்க முடிந்தது. அவ போலக் காதாலும் கேட்டுப் பாருங்கள். ஒரு செய்தியை வாய்விட்டு வாசிக்கும்போது கண் தாண்டிப் போனது காதில் குத்தும். ‘செல்லக் குழந்தை’ என்று உங்கள் வாயே சொல்லியிருந்தால், ‘எந்தக் குழந்தை?’ என்று கேட்டிருப்பீர்கள்.

உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போரில் ராடார் திரையைப் பார்த்திருந்த பிரித்தானிய விமானப்படை ஆட்கள் எதிரியின் அடையாளத்தைத் தவறவிட்டார்கள். ஏன் என்று நோர்மன் மக்வேர்த் என்ற உளவியலாளர் ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார். அரிதாக வரும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் கவனம் அரை மணித்தியாலத்திலேயே தளர்ந்துவிடுகிறது என்று கண்டார். நூறு வரைவு சரியாக வந்த பிறகு நூற்றியோராவதை யார் ஊன்றிப் பார்ப்பார்? அடுப்பில் எண்ணெய் கொதிக்கும்போது?

அதனால் நீங்கள் பார்க்க வேண்டிய வரைவுகளைக் குறையுங்கள். விலை என்ன, எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்ற கேள்விகளுக்கு ஏஐ எதற்கு? வாட்ஸ்அப் பிஸ்னஸில் விரைவுப் பதில் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒருமுறை நீங்களே சரியாக எழுதி வைத்தால் போதும். சாவு, வருத்தம், காசுப் பிணக்கு, கோபமாக வந்த செய்தி என்றால் வரைவே வேண்டாம், சொந்தக் கையால் எழுதுங்கள். நாலு வரியும் பிழையான ஆங்கிலமும் என்றாலும் காரியமில்லை. மிச்சத்துக்கு அது எழுதட்டும். ஆனால் திகதி, தொகை, பெயர், என்ன விசேசம் என்பது எதையும் அது நிரப்பக் கூடாது, கோடு போட்டு வெறுமையாக விட வேண்டும், விளங்காவிட்டால் ஊகிக்காமல் கேள்வியை எழுதி வைக்க வேண்டும் என்று தம்பி அதற்குச் சொல்லி வைக்கட்டும். அப்போதும் சிலவேளை நிரப்பிவிடும், கண் அங்கே இருக்கட்டும். வெற்றிடத்தை உங்கள் விரல் நிரப்பும்போது மனமும் அங்கே வரும்.

தமிழில் எழுதினால் இன்னும் கவனம். நாங்கள் ரூபா என்பதை ரூபாய் என்று எழுதும், அது சின்ன விசயம். ஆங்கிலத்தில் ‘அங்கிள்’ என்று வந்தால் அது பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றைப் போட்டுவிடும். பெரியப்பாவை மாமா என்று எழுதிய பலகாரப் பெட்டியோடு ஒரு வீட்டுப் படலையில் போய் நிற்கிறதை நினைத்துப் பாருங்கள்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை, அதனால்தான் அது உங்களுக்குச் சுட்டிருக்கிறது. ஆனால் அதுவே அனுப்பட்டும் என்பதற்கு நான் ஒருநாளும் ஓம் சொல்லமாட்டேன். கனடாவில் நடந்ததைத் தம்பிக்குச் சொல்லுங்கள். பாட்டியார் செத்து வன்கூவரில் இருந்து ரொறன்ரோ போக வேண்டியிருந்த ஒருவரிடம், இப்போது முழுக் காசில் பயணச்சீட்டு எடுங்கள், துக்கப் பயணச் சலுகையை 90 நாளுக்குள் பிறகு கேட்டுப் பெறலாம் என்று எயர் கனடாவின் இணையத்தளத்தில் இருந்த உரையாடல் மெசின் சொன்னது. அப்படியொரு விதியே இருக்கவில்லை. வழக்கு வந்தபோது, அந்த மெசினின் சொல்லுக்கு மெசின்தான் பொறுப்பு என்கிற மாதிரிக்கூட நிறுவனம் வாதாடியது. பிரித்தானிய கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. 2024 பெப்ரவரியில், ஏறக்குறைய 812 டொலர் கட்டச் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் தட்டிக் கழிக்க முடியாததை உங்கள் அம்மாவின் பெயரில் நடக்கும் பலகாரக் கடையால் முடியுமா?

அப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது, ஆனால் முழுதாக விடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆங்கிலத்தில் பதில் எழுதப் பயந்து ஓடரை விட்ட வீடுகளை நான் அறிவேன். இந்த உதவியால் உங்களுக்கு மிஞ்சுகிற நேரம் பெரியது. அதில் கொஞ்சத்தைச் செய்திகளை வாசிக்கத் திருப்பிக் கொடுங்கள். அடுப்படியில் நின்று அனுப்புகிற பழக்கத்தை மட்டும் இன்றோடு விடுங்கள். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை, இருந்து பார்த்து அனுப்பினால் போதும்.

இனி அந்த வீட்டு விசயம். அழித்த செய்தியின் இடத்தில் ‘இந்தச் செய்தி அழிக்கப்பட்டது’ என்ற வரி இன்னும் அவருடைய போனில் நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நோகும். அதற்கு மேல் இன்னொரு செய்தியைப் போடாதீர்கள், கோல் எடுங்கள். அம்மாவை எடுக்கச் சொல்லாதீர்கள், அனுப்பியது நீங்கள். ‘அண்ணா, நீங்கள் எழுதியதை நான் வடிவாக வாசிக்கவில்லை, பிழை என்னுடையது’ என்று மட்டும் சொல்லுங்கள். ஏஐ எழுதியது என்பதை முதல் வசனத்தில் சொன்னால் சாட்டாகத்தான் கேட்கும், அவராகக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அவருடைய அப்பாவைப் பற்றி அவர் கதைக்க இடம் விடுங்கள். ஓடரைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். இங்கே இரவு ஏழு மணிக்கு எடுத்தால் அங்கே கோடையில் காலை ஒன்பதரை, மாரியில் எட்டரை.