அடுத்த அறையிலிருந்து செட்டாப் பாக்ஸை இயக்குவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செட்டாப் பாக்ஸ் கூடத்தில் இருக்கிறது. அதன் படத்தைக் கேபிள் இழுத்துப் படுக்கையறைத் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்துவிட்டோம். சேனல் மாற்றுவதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கூடத்துக்கு எழுந்து போக வேண்டியிருக்கிறது. இதற்கு வழி உண்டா?

பதில்: உண்டு. பெரும்பாலான ரிமோட்டுகள் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை, நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும் வகையில் அனுப்புகின்றன. ஒளி சுவரைத் துளைத்துச் செல்லாது என்பதால், படுக்கையறையில் அதைப் பெற்றுக் கூடத்துக்குக் கடத்தி, பாக்ஸின் முன்னால் மறுபடியும் ஒளியாக்கித் தரும் ஐஆர் (அகச்சிவப்பு) ரிப்பீட்டர் தேவைப்படுகிறது. கம்பி வழி இயங்கும் வகையில், தொலைக்காட்சிக்கு அருகே ஒரு சிறிய சென்சாரும், பாக்ஸின் முகப்பில் ஒட்டப்படும் மணி அளவிலான எல்இடியும் இருக்கும். இரண்டையும் மெல்லிய கம்பி இணைக்கும். கம்பியில்லா வகை அதே சைகையைப் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் ஏற்றி அனுப்புகிறது. இந்த அலை சாதாரணச் சுவர்களைக் கடந்துவிடும், ஆனால் கம்பி நிறைந்த கான்கிரீட்டும் உலோகத் தகடுகளும் அதன் வலிமையைக் குறைக்கும். படத்துக்காக ஏற்கெனவே கேபிள் இழுத்துவிட்ட உங்களைப் போன்றவர்கள் கம்பி வகையையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து. ஒருமுறை சரியாகப் பொருத்திவிட்டால் அதை மறந்தே போகலாம்.

கேள்வி: படத்தை அடுத்த அறைக்குக் கொண்டுசெல்லும் எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டர் கருவியுடன் வந்த ஐஆர் கம்பிகளைப் பொருத்தினேன். படம் தெளிவாக வருகிறது. ரிமோட் மட்டும் சில வேளை வேலை செய்கிறது, பல வேளை செய்வதில்லை.

பதில்: சில வேளையாவது வேலை செய்கிறது என்பதால் இணைப்பு சரியாகவே இருக்கிறது. (ரிமோட் அறவே வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கம்பிகளைச் செருகும் துளைகளை: சென்சாருக்கும் எல்இடிக்கும் ஒரே அளவான 3.5 மில்லிமீட்டர் பின்தான் என்பதால் இரண்டும் எளிதில் இடம் மாறிவிடும். சென்சார் தொலைக்காட்சிப் பக்கமும், எல்இடி பாக்ஸ் பக்கமும் இருக்க வேண்டும்.)

உங்கள் விஷயத்தில் எல்இடி சரியான இடத்தில் ஒட்டப்படவில்லை என்று நினைக்கிறேன். பாக்ஸின் முகப்பு முழுவதும் கறுப்பாகத் தெரிந்தாலும், ஒளியை வாங்கும் சென்சார் அதன் பின்னால் ஒரு சிறு புள்ளியில்தான் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கை முகப்பின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தால் அந்தப் புள்ளி தென்படும். எல்இடியை அதற்கு நேராக ஒட்ட வேண்டும். எல்இடி ஒளி விடுகிறதா என்ற ஐயம் இருந்தால், ஒருவர் படுக்கையறையில் பொத்தானை அழுத்த, மற்றொருவர் கைபேசி கேமரா வழியாக எல்இடியைப் பார்க்கலாம். வெளிர் ஊதா நிற மினுக்கம் தெரியும். பல கைபேசிகளின் பின்புறக் கேமரா அகச்சிவப்பை வடிகட்டிவிடுவதால் முன்புறக் கேமராவையே பயன்படுத்துங்கள்.

யாரும் பொத்தானை அழுத்தாதபோதும் எல்இடி மினுக்கிக்கொண்டே இருந்தால் கோளாறு படுக்கையறையில் உள்ளது. நேரடி வெயில், சிஎஃப்எல் விளக்கு, தொலைக்காட்சித் திரையின் சொந்த ஒளி ஆகியவை சென்சாரைக் குழப்புகின்றன. அதைத் திரையின் விளிம்பிலிருந்து சற்று விலக்கி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: இப்படி இணைத்த பிறகு, கூடத்தில் ஒரு சேனலும் படுக்கையறையில் வேறொரு சேனலும் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. பாக்ஸ் ஒன்று என்றால் அது வெளியிடும் படமும் ஒன்றுதான். யார் சேனலை மாற்றினாலும் இரு அறைகளிலும் மாறும். இரண்டாவது பாக்ஸ் வாங்கி, டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டரால் பிரித்துக்கொள்ளலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். இதுவும் சரிவராது. பாக்ஸ் அதே கேபிளின் வழியாக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தை, டிஷ்ஷின் முன்னால் இருந்து சைகையை வாங்கும் எல்என்பி என்னும் கருவிக்கு அனுப்பி, எந்த முனைவாக்கத்தில் (அலை அதிரும் திசையில்) வரும் சைகை வேண்டும் என்பதைத் தெரிவிக்கிறது. அலைவரிசைப் பட்டையை மாற்ற 22 கிலோஹெர்ட்ஸ் சைகையையும் சேர்த்து அனுப்புவதுண்டு. இரு பாக்ஸ்கள் ஒரே எல்என்பியிடம் வெவ்வேறு ஆணைகளை இட்டால், ஒன்றில் சில சேனல்கள் மறைந்துபோகும். இரட்டை வெளியீடு கொண்ட எல்என்பியும், ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிளும் வேண்டும்.

கேள்வி: புதிதாக வந்த பாக்ஸுக்கு என் பழைய ரிப்பீட்டர் ஒத்துழைக்கவே மறுக்கிறது.

பதில்: புதிய ரிமோட்டைப் பாக்ஸுக்கு எதிர்த்திசையில் திருப்பிச் சேனலை மாற்றிப் பாருங்கள். மாறினால் அது புளூடூத் அல்லது வேறு வானொலி அலையில் இயங்குகிறது. ரிப்பீட்டருக்கு அங்கே வேலையே இல்லை. ரிமோட்டைக் கையோடு படுக்கையறைக்கு எடுத்துச் சென்று அழுத்துங்கள், இடையில் ஒரு சுவர் மட்டும் இருந்தால் அதுவே போதுமானதாக இருக்கக்கூடும். இத்தகைய ரிமோட்டுகளில் சில, தொலைக்காட்சியின் ஒலி அளவை மாற்றுவதற்கு மட்டும் அகச்சிவப்பைப் பயன்படுத்துகின்றன. ஆகவே கேமராவில் மினுக்கம் தெரிவதை மட்டும் நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள்.

கேள்வி: கைபேசியையே ரிமோட்டாகப் பயன்படுத்த முடியுமா?

பதில்: வைஃபை வழியாக ஆணை பெற்று அகச்சிவப்பாக வெளியிடும் ஐஆர் பிளாஸ்டர் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றைப் பாக்ஸுக்கு நேர்ப்பார்வையில் வைக்க வேண்டும்; பட்டியலில் உங்கள் பாக்ஸ் இல்லையெனில் பழைய ரிமோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். இவற்றுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே ஏற்கும். எனிக்மா2 மென்பொருளில் இயங்கும் ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கருவியும் தேவையில்லை. ஓப்பன்வெப்இஃப் என்னும் இணைய முகப்பைக் கைபேசி உலாவியில் திறந்து சேனலை மாற்றலாம்.

கேள்வி: ஒரே மாதிரியான இரு பாக்ஸ்கள் ஒரே அலமாரியில் உள்ளன. ஒன்றுக்கு அனுப்பும் ஆணையை இரண்டும் ஏற்கின்றன.

பதில்: அமைப்புகளில் ரிமோட் குறியீட்டை மாற்றும் வசதி இருந்தால் ஒன்றுக்கு மட்டும் மாற்றிவிடுங்கள். இல்லையேல் ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி ரிப்பீட்டர் வைத்து, அதன் எல்இடியைச் சென்சாரின் மேல் ஒட்டி, ஒளி உள்ளேயும் வெளியேயும் கசியாதபடி கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் இரண்டடுக்காக மூடுங்கள்.