விகிதமுறு குலத்தின் உட்குலமும் விகிதமுறு குலமாக இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த இடத்தில் அந்தப் பண்பு உடைகிறது என்பதுதான் அழகு.

ஒரு முடிவுறு குலத்தின் கேரக்டர் அட்டவணையில் (குலத்தை அணிகளாக எழுதும்போது அந்த அணிகளின் மூலைவிட்டக் கூட்டுத்தொகைகளைத் தரும் அட்டவணை) எல்லாமே விகிதமுறு எண்களாக இருந்தால் அது விகிதமுறு குலம். இதையே உறுப்புகளை வைத்தும் சொல்லலாம்: x-இன் வரிசை n, k-யும் n-உம் சார்பகா எண்கள் என்றால், x-உம் xᵏ-உம் கான்ஜுகேட்டாக இருக்க வேண்டும். அதாவது gxg⁻¹ = xᵏ என்று ஆக்கும் ஒரு g அந்தக் குலத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும். எல்லாம் இந்த g-யில்தான் இருக்கிறது. உட்குலத்துக்குப் போகும்போது x கூடவே வரும், g வெளியே நின்றுவிடலாம்.

மூன்று பொருட்களின் எல்லா இடமாற்றங்களும் சேர்ந்த சமச்சீர் குலம் S₃ விகிதமுறு குலம். அதில் (123)-ஐ (132) ஆக்குவது (12) போல இரண்டை மட்டும் மாற்றும் இடமாற்றங்கள்தான். இரட்டை இடமாற்றங்கள் மட்டுமே கொண்ட உட்குலமான A₃-இல் அவை இல்லை, அதனால் அங்கே 1-இன் முப்படி மூலங்கள் அட்டவணைக்குள் வந்துவிடுகின்றன. எல்லா Sₙ-உம் விகிதமுறு குலம். கெய்லி தேற்றப்படி எந்த முடிவுறு குலமும் ஏதோ ஒரு Sₙ-க்குள் உட்குலமாக அடங்கும். ஆக, பொதுவாக உட்குலத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது A₅. S₅-இல் 5-சுழல் x-ஐ எடுங்கள். ⟨x⟩ என்பது x உருவாக்கும் சுழல் உட்குலம். அதன் நார்மலைசருக்கு (gxg⁻¹-ஐ x-இன் ஏதோ ஓர் அடுக்காக்கும் g-க்கள்) வரிசை 20, சென்ட்ரலைசருக்கு (x-உடன் பரிமாறும் g-க்கள்) 5, ஈவு 4. தேவையும் φ(5) = 4 (φ(n) என்பது n-உடன் சார்பகா k-களின் எண்ணிக்கை), சரியாகப் பொருந்துகிறது. A₅-இல் நார்மலைசர் 10 ஆகச் சுருங்குகிறது, ஈவு 2. x தன் நேர்மாறுடன் இன்னும் கான்ஜுகேட்தான், x²-உடன் இல்லை. அதனால் கேரக்டர் மதிப்புகள் மெய்யெண்களாகவே இருக்கின்றன, ஆனால் (1±√5)/2 நுழைந்துவிடுகிறது. பாதி இழப்பு அப்படியே எண்களில் தெரிகிறது!

சரி, சைலோ 2-உட்குலமாவது (குலத்தின் வரிசையை வகுக்கும் 2-இன் மிகப்பெரிய அடுக்கைத் தன் வரிசையாகக் கொண்ட உட்குலம்) தப்புமா? S₄-இல் அது வரிசை 8 கொண்ட இருமுகக் குலம், விகிதமுறுதான். எப்போதுமே அப்படித்தான் என்று நெடுநாள் ஓர் ஊகம் இருந்தது. ஐசக்ஸும் நவாரோவும் 2012-இல் வெளிவந்த கட்டுரையில் அதற்கு எதிர் எடுத்துக்காட்டு கொடுத்தார்கள். தீர்வுடைய குலத்தில் (பரிமாற்றுக் குலங்களிலிருந்து படிப்படியாகக் கட்டக்கூடியது) சைலோ 2-உட்குலத்தின் நில்பொட்டன்ஸ் வகுப்பு (பரிமாற்றுக் குலத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 2 என்றால் ஊகம் சரி என்றும் அதிலேயே நிறுவினார்கள்.

ஈவுக் குலங்களுக்கு (ஒரு குலத்தை அதன் இயல்நிலை உட்குலத்தால் வகுத்துப் பெறுபவை) இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் கேரக்டர்கள் மூலக் குலத்தின் கேரக்டர்களேதான்.

உங்கள் உட்குலத்தைச் சோதிக்க முழு அட்டவணை தேவையில்லை. ஒவ்வொரு சுழல் உட்குலத்துக்கும் நார்மலைசர்-சென்ட்ரலைசர் ஈவு φ(n)-ஐத் தொடுகிறதா என்று பாருங்கள். முதலில் A₄-இன் 3-சுழலில் கையால் போட்டுப் பாருங்கள்: தேவை 2, கிடைப்பது 1.